சாய மறுக்கும் உடல்

மேல்கோட்டை மலை ஏறும் சாலைக்கு வீரக்கதை எதுவும் கிடையாது. கொல்லிமலை என்றால் 70 கொண்டை ஊசி வளைவு என்று அங்கே போகாதவர்கூடச் சொல்வார். இந்தச் சாலையின் வளைவுகளை யாரும் எண்ணிப் பலகை வைப்பதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரா, தொண்டனூர் ஏரி, ஜக்கனஹள்ளி என்று கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே அலட்டிக்கொள்ளாமல் வந்த பாதை, கடைசியில் பாறைக் குன்றுகளின் இடுக்கில் நெளிந்து ஏறி ஊருக்குள் நுழைந்துவிடுகிறது. மைசூருவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். நிர்வாகக் கணக்கில் மண்டியா மாவட்டம். வைணவத் தமிழருக்கு இது திருநாராயணபுரம். ராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியதாக மரபு சொல்லும் தலம். பங்குனியில் வைரமுடி சேவைக்குக் கூட்டம் நெரியும். அரசியல் வரலாறு படிப்பவருக்கு 1948-இல் ஜெயலலிதா பிறந்த இடம். ஞாயிறு காலைகளில் இந்த அடையாளங்களோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூரிலிருந்தும் மைசூருவிலிருந்தும் பைக்குகள் வரிசையாக வந்து நிற்கும். சிலருக்குப் புளியோதரை, சிலருக்கு ராய கோபுரத்தின் முன் ஒரு படம்.

சாதுவான சாலை என்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன். கொல்லிமலையில் முதல் வளைவிலேயே ஓட்டுபவர் விழித்துக்கொள்வார். இங்கே ஒரு மணி நேரம் நேர்ச்சாலையில் வந்து, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமே மெதுவாகத் தெரியத் தொடங்கிய பிறகு வளைவு வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் தனியாக, வேறு எந்த வண்டியும் மோதாமல் விழுந்து எழுந்தவர்களிடம் கேட்டால் ஏறத்தாழ ஒரே பதில்தான் வரும்: “வண்டி திரும்பவில்லை.” வண்டி திரும்பியிருக்கும் என்பது என் கட்சி. உடல்தான் விடவில்லை.

முதலில் கணக்கு. இரண்டு சக்கர வண்டி வளைவைக் கடக்கச் சாய்ந்தே ஆக வேண்டும். சாயாமல் திரும்பினால் வெளிப்பக்கம் கவிழும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. எடைக்கு இதில் இடமே இல்லை. டயரின் அகலத்தால் வரும் சில டிகிரிகளை விட்டுவிட்டால், புல்லட்டுக்கும் மொபெட்டுக்கும் ஒரே வேகத்தில் ஒரே சாய்வுதான். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் அதைக் கடக்க, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி சாய வேண்டும். 40-இல் 32 டிகிரி. 50-இல் 44 டிகிரி. பத்துப் பத்தாகக் கூடும் வேகத்துக்குச் சாய்வு பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூடுகிறது. ஸ்பீடோமீட்டரில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது தரையில் அப்படி இருப்பதில்லை.

சாதாரணத் தெரு பைக் ஒன்று, காய்ந்த நல்ல தாரில், ஃபுட்ரெஸ்ட் தரையை உரசும் வரை சாய முடியும். அது பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டி வரும். மோட்டோஜிபி பந்தய வண்டிகள் 60 டிகிரியைத் தாண்டுகின்றன. ஆனால் பயிற்சி இல்லாத மனிதர் எங்கே நின்றுவிடுகிறார்? ஜெர்மன் உளவியலாளர் பெர்ன்ட் ஷ்பீகல் இதற்குச் சொன்ன விடை 20 டிகிரி. இரண்டு கால்களில் நடந்து, ஓடி, திரும்பிப் பழகிய உயிரினம் நாம். அதைவிட அதிகமாகச் சாய்ந்தால் கால் வழுக்கும் என்பது உடலுக்குப் பிறவியிலிருந்தே தெரியும். ரப்பர் டயர் வந்ததும் தார்ச்சாலை வந்ததும் அதற்குத் தெரியாது. ஆகவே நமது 20 மீட்டர் வளைவில் 30 கிலோமீட்டர் வேகம் வரை உடலும் வண்டியும் ஒத்துப்போகின்றன. 40-இல் நுழைந்தால் வண்டிக்கு இன்னும் இடமிருக்கிறது, உடலுக்கு இல்லை. அந்தப் பன்னிரண்டு டிகிரி இடைவெளியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

இதற்குப் பழைய, கனமான சான்று ஒன்று உண்டு. 1970-களின் பின்பாதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஹாரி ஹர்ட் என்ற பொறியாளரும் அவரது குழுவும் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். 1981-இல் வெளியான அந்த அறிக்கையை இன்றும் ஹர்ட் அறிக்கை என்றே சொல்கிறார்கள். வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டுநர் செய்த பிழையே காரணம் என்றது அது. பிழையின் வடிவங்களும் திரும்பத் திரும்ப அதேதான்: அளவுக்கு மீறி பிரேக் பிடித்துச் சறுக்குவது, அதிக வேகத்தாலோ போதிய அளவு திருப்பாததாலோ வளைவில் வெளிப்பக்கமாக ஓடிப் போவது. இதில் “போதிய அளவு திருப்பாதது” என்பதைக் கவனிக்க வேண்டும். டயர் கைவிட்டதால் விழுந்தவர்களோடு, டயர் தரத் தயாராக இருந்ததை வாங்கிக்கொள்ளாமல் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த ஓட்டுநர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். நம் ஊரில் இந்தக் கணக்கை எடுத்தால் எண் குறையும் என்று நான் நம்பவில்லை. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குகிறோம். எட்டு என்பது நடைவேகத்தில் சமநிலை காட்டும் வித்தை, 40 கிலோமீட்டர் வேகத்து வளைவைப் பற்றி அது எதுவும் கற்றுத் தருவதில்லை.

வளைவின் நடுவில் “வேகம் அதிகம்” என்று தோன்றும் அந்த நொடியில் என்ன நடக்கிறது? கை ஆக்ஸிலேட்டரைச் சட்டென மூடுகிறது, விரல்கள் முன் பிரேக்கைக் கவ்வுகின்றன. தோளும் முழங்கையும் விறைத்து, ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கின்றன. கண், போக வேண்டிய பாதையை விட்டுவிட்டுச் சாலையோரக் கல்லிலோ எதிரே வரும் டிராக்டரிலோ நிலைகுத்துகிறது. அமெரிக்கப் பயிற்றுநர் கீத் கோட் 1993-இல் எழுதிய புத்தகத்தில் இவற்றை உயிர்காப்பு அனிச்சைகள் என்று வகைப்படுத்தினார். உயிரைக் காக்க எழுபவை. வளைவில் ஒவ்வொன்றும் நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், கையிலிருந்து தொடங்கி.

பைக் எப்படித் திரும்புகிறது என்பது தினமும் ஓட்டுபவர்களுக்கே தெரியாத ரகசியம். ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், விமானத்துக்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சைக்கிள் ஓட்டும் பலரிடம் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டதாகவும், முதல் தடவை கேட்டபோது ஒருவர்கூட முழுமையாகச் சரியான விடை சொல்லவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இடப்பக்கம் திரும்ப எல்லோருமே முதலில் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புகிறார்கள், தாம் அறியாமலே. முன்சக்கரம் வலப்பக்கம் நகர்கிறது; மேலே உள்ள எடை இடப்பக்கம் சாயத் தொடங்குகிறது; சாய்ந்ததும் முன்சக்கரம் தானாக இடப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளில் இதை அழுத்தமாகச் செய்ய வேண்டும். இடப்பக்கம் போக வேண்டுமா, இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். இன்னும் கூர்மையாகத் திரும்ப வேண்டுமா, இன்னும் தள்ள வேண்டும். கவுண்டர் ஸ்டீயரிங் என்று பெயர்.

உடலைச் சாய்த்தாலே போதும், வண்டி திரும்பிவிடும் என்று சாதிப்பவர்கள் இன்றும் டீக்கடைகளில் இருக்கிறார்கள். கீத் கோட் அவர்களுக்காகவே ஒரு வண்டி செய்தார். திருப்பக்கூடிய வழக்கமான ஹேண்டில்பாரோடு, சட்டகத்தில் நேராகப் பற்றவைத்த, அசையாத இன்னொரு ஹேண்டில்பாரும் அதில் உண்டு. அசையாததைப் பிடித்துக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் வளைந்து நெளிந்து பாருங்கள் என்று ஏற்றிவிடுவார். வண்டி லேசாக அலையும், மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கும். வளைவில் திரும்பு என்றால் திரும்பாது.

விறைத்த கைகளின் கதை இதிலிருந்து விளங்கும். இரண்டு தோளும் இறுகினால் இரண்டு கைப்பிடிகளிலும் ஒரே அழுத்தம்; ஒன்றின் தள்ளலை மற்றது தடுக்கிறது. திருப்பும் ஒரே கருவியை ஓட்டுபவர் தானே பூட்டிவிடுகிறார். “வண்டி திரும்பவில்லை” என்று அவர் சொல்வது பொய்யல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளு என்று அந்த நேரத்தில் அவரது கையிடம் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். ஹர்ட் அறிக்கையும் இதைக் குறித்திருந்தது: விபத்தில் சிக்கியவர்களிடம் கவுண்டர் ஸ்டீயரிங் செய்து விலகும் திறன் ஏறத்தாழ இல்லவே இல்லை.

அடுத்தது கண். 1994-இல் மைக்கேல் லேண்டும் டேவிட் லீயும் எடின்பரோவில், ஆர்தர்ஸ் சீட் குன்றைச் சுற்றி வளையும் சாலையில் கார் ஓட்டுபவர்களின் பார்வையைப் பதிவு செய்தார்கள். வளைவு தொடங்குவதற்கு ஓரிரு நொடி முன்பே கண் வளைவின் உள்விளிம்புக்குப் போய்விடுகிறது; ஸ்டீயரிங் அதைப் பின்தொடர்கிறது. கை எங்கே போகப் போகிறது என்பதைக் கண் முன்கூட்டியே எழுதிவிடுகிறது என்று சொல்லலாம். பயந்த கண் ஓரக்கல்லை எழுதினால் கை அங்கேதான் போகும். இரண்டாம் உலகப் போர் காலத்தில், சுடும் இலக்கையே பார்த்துக்கொண்டு அதன் மேலேயே போய் மோதிய விமானிகளைப் பார்த்து இந்தக் கோளாறுக்கு இலக்கில் நிலைகுத்தல் என்று பெயர் வந்தது. குழியைத் தவிர்க்கப் பார்த்துப் பார்த்துக் குழியிலேயே விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் இந்தக் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வளைவில் சாலையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வதுபோல் தெரியும் ஒரு புள்ளி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புள்ளி நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் குறைக்க வேண்டும். நம் வேகத்திலேயே விலகிப் போனால் வேகம் சரி. சட்டென ஓடி விலகினால் வளைவு முடிகிறது. மேல்கோட்டை போன்ற இடத்தில் பாறையும் புதரும் உள்விளிம்பை மறைக்கும்போது இதைவிட நம்பகமான வேகமானி வேறில்லை. ஒரே நிபந்தனை, தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். 40 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஆபத்தை உணர ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால் அதற்குள் 17 மீட்டர் போய்விடும். நிதானமான நல்ல பிரேக்கில் நிற்க இன்னும் 13 மீட்டர். மொத்தம் 30. அதுவே 60 கிலோமீட்டரில் 53. வளைவின் பின்னால் பசுமாடு நிற்கிறதா, சாலை நடுவில் செல்பி எடுக்கும் குடும்பம் நிற்கிறதா என்பது முப்பது மீட்டர் முன்னே தெரிந்தால் 40-இல் வருபவருக்குப் போதும், 60-இல் வருபவருக்குப் போதாது.

பிரேக்குக்கு வருவோம். டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள பிடிப்பு ஒரு மாதச் சம்பளம்: வாடகைக்குப் போனது போக மீதிதான் மளிகைக்கு. திரும்புவதற்குச் செலவான பிடிப்பு பிரேக்குக்குக் கிடைக்காது. நேராகப் போகும்போது முழுச் சம்பளமும் பிரேக்குக்கே. 20 மீட்டர் வளைவில் 40 கிலோமீட்டரில் இருக்கும்போது, காய்ந்த தாரில் கிடைப்பதில் ஏறத்தாழ எண்பது சதவீதம் திரும்புவதற்கே போய்விட்டிருக்கும். மீதியைக் கணக்கிட்டால், மென்மையாக, படிப்படியாகப் பிடிக்கும் பிரேக்குக்கு அது போதும். பயந்த விரல்கள் கவ்வும் பிரேக்குக்குப் போதாது. போதுமான சமயத்திலும் இன்னொரு சிக்கல் வரும்: சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் பெரும்பாலான வண்டிகள் நிமிர முயலும். நிமிர்ந்த வண்டி நேராகப் போகும். அதாவது சாலைக்கு வெளியே.

2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம், உயிர் காத்த சட்டம். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்குச் சக்கரம் சுழல்கிறதா பூட்டிவிட்டதா என்பது மட்டுமே தெரியும். வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. சாய்வையும் அளந்து பிரேக்கை அளவிடும் கருவிகள் விலை உயர்ந்த வண்டிகளில்தான் பெரும்பாலும் வருகின்றன. ஆகவே பழைய விதி மாறவில்லை: பிரேக் வேலையும் கியர் குறைப்பும் வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். நுழைந்த பின் ஆக்ஸிலேட்டரை மெல்லத் திறந்துகொண்டே போனால் எடை இரு சக்கரங்களுக்கும் ஒழுங்காகப் பிரிந்து, சஸ்பென்ஷன் அமைதியாக இருக்கும். சட்டென மூடினால் எடை முன்னால் பாய்ந்து முன்சக்கரத்தின் மேல் விழும்; அந்தச் சக்கரம் ஏற்கெனவே திருப்பும் வேலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இந்தச் சம்பளத்தில் வெட்டு விழும் இடங்களும் உண்டு. இந்த வட்டாரத்தில் அறுவடை முடிந்ததும் கொள்ளுச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறிப் போரடித்துக் கொடுத்துவிடும். கன்னடத்தில் ஒக்கணே. களம் இல்லாத விவசாயிக்குச் சாலைதான் களம். அவரைத் திட்டுவதில் பயனில்லை. தட்டையும் மணியும் தாருக்கும் ரப்பருக்கும் நடுவே உருளும்போது பிடிப்பு ஒரேயடியாக விழுந்துவிடுகிறது என்பதை மட்டும் ஓட்டுபவர் நினைவில் வைக்க வேண்டும். காரோட்டிக்கு அது வெறும் சலசலப்பு. இரு சக்கரக்காரர் அதன்மேல் சாயவும் கூடாது, பிரேக்கைத் தொடவும் கூடாது. முன்பே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து, நேராகக் கடக்க வேண்டும். கரும்பு டிராக்டர்கள் சிந்திய சோகைக்கும் வளைவின் உள்மூலையில் மழை கொண்டுவந்து சேர்த்த மணலுக்கும் இதே விதிதான்.

சரி, விழுந்தாயிற்று. தோள் தரையில் மோதினால் முதலில் முறிவது பெரும்பாலும் காறை எலும்பு. முறிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அந்த உறைவுக்குள் செல்கள் குடியேறி, இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு கலந்த மென்மையான பாலம் ஒன்றைக் கட்டுகின்றன. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாக ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், தேவைக்கேற்ப அது செதுக்கிச் சீராக்கப்படுகிறது. புகைப்பவர்களுக்கு இந்த வேலை தாமதமாகும்.

பந்தய வீரர்கள் இந்தக் காலண்டரை மதிப்பதில்லை என்ற புகழ் பெற்றவர்கள். 2013 ஜூனில் நெதர்லாந்தின் அசென் களத்தில் ஹோர்ஹே லோரென்சோ வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிரவே பார்சலோனாவுக்குப் பறந்து, டைட்டேனியத் தகடும் எட்டுத் திருகாணிகளும் பொருத்திக்கொண்டு திரும்பி, சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். உலகம் கைதட்டியது. இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் மறுபடி விழுந்தார். தகடு வளைந்துபோய் மறுபடி அறுவை. கைதட்டியவர்களில் பலருக்கு இந்த இரண்டாம் பாகம் நினைவில்லை.

மார்க் மார்க்கேஸின் கதை இன்னும் கசப்பானது. 2020 ஜூலை 19 அன்று ஸ்பெயினின் ஹெரெஸ் களத்தில் வலது மேற்கை எலும்பு முறிந்தது. இரண்டு நாளில் தகடு வைத்தார்கள். அதே வாரக் கடைசியில் வண்டியில் ஏறிப் பார்த்தார், முடியவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் வீட்டில் ஒரு ஜன்னலைத் திறக்கும்போது தகடு உடைந்தது. இரண்டாம் அறுவை, டிசம்பரில் எலும்பு ஒட்டு வைத்து மூன்றாவது, 2022 ஜூனில் எலும்பின் திருகலைச் சரிசெய்ய அமெரிக்காவில் நான்காவது. 2025-இல் அவர் மீண்டும் உலக வாகையர் ஆனார் என்பது உண்மை. நடுவே போன ஆண்டுகளும் உண்மை. உலோகத் தகடு எலும்பை ஆற்றுவதில்லை. எலும்பு ஆறும் வரை இரு துண்டையும் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுமையிலும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. எலும்புக்குத் தன்னைத் தானே பழுது பார்க்கத் தெரியும், தகட்டுக்குத் தெரியாது. எலும்பு முந்தாவிட்டால் தகடு உடையும். உலகின் சிறந்த மருத்துவர்கள் சூழ இருந்த வீரருக்கே இதுதான் நிலை என்றால், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே என்று ஐந்தாம் வாரம் கிக்கரை உதைப்பவருக்கு என்ன சொல்ல? எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும் வரை பஸ்.

தலைக்காயம் தனிக் கணக்கு. நம் பக்கத்து உதாரணமாக சி.எஸ். சந்தோஷைச் சொல்லலாம். பெங்களூர்க்காரர், 2015-இல் டக்கார் ராலியை 36-ஆவது இடத்தில் முடித்து, அதை முடித்த முதல் இந்தியர் ஆனவர். 2021 ஜனவரி 6 அன்று சவூதி பாலைவனத்தில் அதே ராலியின் நான்காம் கட்டத்தில் விழுந்தார். தலையில் அடி, தோள் மூட்டு நழுவல். ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்தார்கள். பிழைத்து ஊர் திரும்பினார். கோலார் அருகே பிக் ராக் என்ற மண்தடப் பயிற்சி மையத்தைத் தொடங்கியவரும் இவரே. விழுவதும் எழுவதும் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்கிற இடம். சாதாரண ஓட்டுநருக்கு இதிலிருந்து கிடைக்கும் மருத்துவச் செய்தி எளியது. லேசான மூளை அதிர்ச்சிகூட எதிர்வினை வேகத்தையும் சமநிலையையும் கவனத்தையும் சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ குறைக்கும், ஸ்கேன் படத்தில் எதுவும் தெரியாவிட்டாலும். தலைவலி, கிறுகிறுப்பு, ஒளியில் கண்கூச்சம் இருக்கும்வரை சாவியைத் தொடக் கூடாது. தூக்கம் வரவழைக்கும் வலிநிவாரணி சாப்பிடும்வரையும் அப்படியே. அடி வாங்கிய ஹெல்மெட்டையும் தூக்கி எறிய வேண்டும். உள்ளே உள்ள தெர்மகோல் போன்ற நுரை நசுங்கித்தான் அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழாது, வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும்.

எலும்பு சேர்ந்தது, பிசியோதெரபியில் தோளும் தூக்க முடிகிறது, தலை தெளிந்தது. வண்டியில் ஏறுகிறார். வளைவு வந்ததும் பழைய 20 டிகிரிகூட இல்லை. பத்திலேயே உடல் நிமிர்கிறது.

பயம் எப்படிக் கற்கப்படுகிறது, எப்படி மறைகிறது என்பதில் உளவியலுக்கு நூறாண்டு அனுபவம் உண்டு. அதில் ஒரு சோதனை இங்கே நேரடியாகப் பொருந்தும். 1979-இல் மார்க் பூட்டனும் ராபர்ட் போல்ஸும் எலிகளை ஒரு கூண்டில் பயமுறுத்திப் பழக்கினார்கள். வேறொரு கூண்டில் அந்தப் பயம் போகும் வரை, ஆபத்தில்லை என்று கற்பித்தார்கள். பிறகு முதல் கூண்டுக்குக் கொண்டுவந்தபோது பயம் திரும்பி வந்தது. பயம் அழிவதில்லை, அதன்மேல் “இங்கே ஒன்றும் ஆகாது” என்ற புதிய பாடம் படிகிறது, அந்தப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைசூருவில் காலியான மைதானத்தில் எட்டுப் போட்டுத் தைரியம் பெற்றவர், மேல்கோட்டை மலையின் அதே பாறையைக் கண்டதும் விறைப்பது கோழைத்தனமல்ல, நரம்பு மண்டலத்தின் இயல்பு. இதில் ஒரு கொடுமை இருக்கிறது: திரும்பி வரும் பயம் கொண்டுவருவது அதே மூன்று அனிச்சைகளை. மூடும் ஆக்ஸிலேட்டர், விறைக்கும் கை, நிலைகுத்தும் கண். முதல் முறை விழ வைத்தவை அவைதான். பயத்தைப் போக்குவதும் வளைவு பழகுவதும் ஒரே வேலை என்று நான் சொல்வது இதனால்தான். “பயப்படாதே” என்று சொல்லித் தட்டிக்கொடுக்கும் நண்பர் இரண்டையும் செய்வதில்லை.

ஆகவே பாடம் பல இடங்களில் படிய வேண்டும். முதலில் போக்குவரத்தில்லாத, பெரிய, சுத்தமான தரை. 25 கிலோமீட்டரில் நேராகப் போய், இடக் கைப்பிடியை உள்ளங்கையால் மெல்லத் தள்ளி வண்டி இடப்பக்கம் சாய்வதை உணர்வது, பிறகு வலம். கை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, கோழி சிறகை அடிப்பதுபோல் முழங்கைகளை ஆட்டிப் பார்க்கச் சொல்வார்கள் பயிற்றுநர்கள். ஆட முடிந்தால் சரி. அப்புறம் வட்டங்கள், கண் வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில். அதன் பின் நேர்க்கோட்டில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கப் பழகுதல், ஏனெனில் நன்றாக நிறுத்தத் தெரிந்த கை வளைவில் பதறுவது குறைவு. வாய்ப்புள்ளவர்கள் பந்தயக் களத்துக்கே போகலாம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், 3.7 கிலோமீட்டர் நீளத்தில் 12 வளைவுகளோடு இருக்கும் களத்தில் கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. கட்டணம் கையைக் கடிக்கும். ஆனால் எதிரே லாரி வராத, ஓரத்தில் கல் நடாத வளைவு நம் நாட்டில் பந்தயக் களங்களுக்கு வெளியே அரிது.

பிறகு மலை. இங்கே இடது வளைவும் வலது வளைவும் ஒன்றல்ல. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவில் உள்விளிம்பை ஒட்டிப் போகிறோம். ஆரம் சிறியது, பார்வை குறைவு, அகன்று ஓடினால் எதிர்வரும் பஸ்ஸின் பாதையில். வலது வளைவில் ஆரம் பெரிது, பார்வை தூரம் போகும். அந்தச் சுகத்தில் நடுக்கோட்டை ஒட்டி வெட்டத் தோன்றும். 30 டிகிரி சாய்ந்த ஓட்டுநரின் தலை டயரிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். டயர் நம் பாதியில், தலை அவர்கள் பாதியில். ஆகவே வலது வளைவில் இடப்பக்கமாகவே நிற்க வேண்டும். ஏற்றத்தில் பழகி முடித்த பின்தான் இறக்கம். மலை இறங்கும்போது புவியீர்ப்பு பிரேக்குக்கு எதிராக வேலை செய்கிறது. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும் சாலையில், சமதளத்தில் 13 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு 15 மீட்டர் ஆகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக்.

பின்னால் ஆள் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். கூடுதல் எடை சாய்வுக் கணக்கை மாற்றாது என்று முன்பே பார்த்தோம். ஆனால் பின் சஸ்பென்ஷன் அமுங்கி ஃபுட்ரெஸ்ட் சீக்கிரம் தரை தொடும். நிற்கும் தூரமும் கூடும். அதைவிட முக்கியமாக, வண்டியில் இப்போது சாய மறுக்கும் இரண்டாவது உடல் ஒன்று இருக்கிறது. வளைவில் வண்டி இடப்பக்கம் சாயும்போது பின்னால் இருப்பவர் பயத்தில் வலப்பக்கம் நிமிர்ந்தால், ஓட்டுபவர் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். அவர் கையில் ஹேண்டில்பாரும் இல்லை, பிரேக்கும் இல்லை. அவர் அனிச்சைக்குக் கொடுக்க ஒரே வேலை கண்ணுக்குத்தான். கிளம்பும் முன் சொல்லிவிடலாம்: இடது வளைவு வந்தால் என் இடது தோளுக்கு மேலாகச் சாலையைப் பார், வலது என்றால் வலது தோளுக்கு மேலாக. அப்படிப் பார்ப்பவரின் உடல் தானாக வண்டியோடு சாய்ந்துவிடும்.